தேரன்று எடுத்த படம்

முருகேசு: போன தவணை நீங்கள்தானே முன்னுக்கு இருந்தனீங்கள், சம்பந்தி.

தம்பிஐயா: போன தவணை வழக்குக் கூப்பிடவே இல்லை. தள்ளிப் போட்டவை. அது கணக்கில்லை.

முருகேசு: கூப்பிட்டா என்ன, கூப்பிடாட்டி என்ன... முன் சீற்றிலை இருந்தது இருந்ததுதானே.

உதயகலா: அப்பா, மாமா, ஆராவது ஒராள் முன்னுக்கு ஏறுங்கோ. கோட்டுக்கு நேரமாச்சு.

தம்பிஐயா: சரி... இண்டைக்குத் தீர்ப்பு நாள். நீங்களே முன்னுக்கு இருங்கோ. தோக்கப்போற ஆள் கொஞ்சம் காத்துப்பட இருக்கட்டும்.

முருகேசு: ஆர் தோக்கிறது எண்டு மத்தியானம் பாப்பம். அந்தக் கதவை வடிவாச் சாத்துங்கோ.

தம்பிஐயா: சாத்திப்போட்டன். பிள்ளை, இது உள்ளாலை திறபடாதோ?

உதயகலா: திறபடாது மாமா. கார் ஓடேக்கை நிவேதனா திறந்துபோடுவாள் எண்டு பின்கதவு இரண்டையும் பூட்டி வைச்சிருக்கிறன். இறங்கேக்கை நான் வந்து வெளியாலை திறந்துவிடுவன்.

தம்பிஐயா: நாலு வயசுப் பேத்திக்குப் போட்ட மறியல் எனக்கும்.

முருகேசு: பழகிக்கொள்ளுங்கோ சம்பந்தி. வழக்காடுற ஆக்களுக்கு உதுகள் பழகவேணும்.

தம்பிஐயா: மெள்ளப் போ பிள்ளை... சந்தியிலை கொஞ்சம் மெள்ளப் போ. கொப்பர் பாக்கட்டும்.

முருகேசு: என்னத்தைப் பாக்கிறது?

தம்பிஐயா: உங்கடை வங்கிக் கிளையைத்தான். அங்கை பாருங்கோ, போர்ட்டிலை சாக்குக் கட்டினபடி. ஒரு வரியமா ஒரு காகம்கூட அதிலை வந்து இருக்கேல்லை.

முருகேசு: சாக்குக் கட்டினது நீங்கள்.

தம்பிஐயா: நான் கட்டேல்லை. கோடு கட்டினது. இடைக்காலத் தடை உத்தரவு.

முருகேசு: சந்தி சந்தியாப் போய்ச் சாக்குக் கட்டுறதே கோட்டுக்கு வேலை? நீங்கள் போய்க் கேட்டனீங்கள்.

தம்பிஐயா: கேக்காமல்? இந்த ஊரிலை எங்கடை கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு வங்கி இருக்கு. நீங்கள் உடுவிலிலையிருந்து வந்து அதுக்கு எதிர்ப்பக்கம் உங்கடை சங்கத்துக்கு ஒரு கிளை போடுறியள். அரசாங்கக் கந்தோரிலை 'ஓம், திறவுங்கோ' எண்டு கையெழுத்துப் போட்டுக் குடுக்கினம். எங்கடை சங்கத்தை ஒரு வார்த்தை கேக்கேல்லை. பிறகு நாங்கள் கோட்டுக்குப் போகாமல் எங்கை போறது?

முருகேசு: கேட்டவை, சம்பந்தி. 'ஆட்சேபம் இருந்தா இன்ன திகதிக்கு முதல் எழுதித் தாங்கோ' எண்டு உங்களுக்குக் கடிதம் வந்தது. நீங்கள்தான் கடைசி நாள் பின்னேரம் மட்டும் அதை வைச்சுக்கொண்டு இருந்தனீங்கள்.

தம்பிஐயா: வழக்கு விசயம் எதிராளியோடை கதைக்கப்படாது எண்டு எங்கடை லோயர் கஜானி சொன்னவள்.

முருகேசு: எதிராளியின்ரை காரிலை போகலாமாமோ?

தம்பிஐயா: கார் என்ரை மருமகளின்ரை.

முருகேசு: என்ரை மகளின்ரை.

உதயகலா: கார் லீசிங் கொம்பனியின்ரை.

தம்பிஐயா: ...ஊரிலை சனம் கேக்குது, என்ன வழக்கு எண்டு. காணி வழக்கெண்டா விளங்கும். எல்லை வழக்கெண்டா விளங்கும். ரிட் வழக்கு எண்டா என்னை ஒரு மாதிரிப் பாக்கினம்.

உதயகலா: அரசாங்கம் எடுத்த முடிவை முறையா எடுத்ததோ எண்டு பாக்கிற வழக்கு மாமா. முடிவு நல்லதோ கெட்டதோ எண்டு கோடு பாக்காது. முடிவெடுத்த முறையைத்தான் பாக்கும்.

தம்பிஐயா: நல்ல முடிவா இருந்தாலுமோ?

உதயகலா: நல்ல முடிவா இருந்தாலும்.

முருகேசு: பாத்தியளே, என்ரை பிள்ளைக்கு எவ்வளவு விளக்கம். இப்பிடியான பிள்ளை எங்கடை தெல்லிப்பழைக் கிளையிலை ஒரு மூலையிலை இருக்கிறாள். இஞ்சை இந்தக் கிளைக்கு மனேச்சரா வரவேண்டியவள்.

உதயகலா: எனக்குத் தெல்லிப்பழையே வசதி அப்பா.

முருகேசு: சைக்கிளைப் பார் பிள்ளை.

உதயகலா: கண்டனான் அப்பா.

முருகேசு: நேற்றுக் குணலட்சுமி கதைச்சவள். கிளை திறந்த முதல் கிழமையே தனக்கு லோன் வேணுமாம். நான் ஓம் எண்டிட்டன்.

உதயகலா: மாமிக்குப் பிணைக்கு ஆர் நிக்கினம்?

முருகேசு: நீதான் மனேச்சரா இருக்கிறியே.

உதயகலா: மனேச்சர் பிணை நிக்கேலாது அப்பா.

முருகேசு: அது சட்டம். இது என்ரை கூடப்பிறந்த தங்கச்சி.

தம்பிஐயா: குணலட்சுமிக்கு முதல் சிமியோனுக்குக் குடுக்கவேணும்.

முருகேசு: எந்தச் சிமியோன்?

தம்பிஐயா: மேசன் சிமியோன். கொங்கிறீற் கலக்கிற மிசின் ஒண்டு எடுக்கப்போறான். அவனுக்கு நான் சொல்லிப்போட்டன். எங்கடை மருமகள்தான் மனேச்சர், பாத்துச் செய்வாள் எண்டு.

முருகேசு: சம்பந்தி... அந்தக் கிளை திறக்கப்படாது எண்டெல்லே வழக்கு வைச்சிருக்கிறியள்?

தம்பிஐயா: வழக்கு சங்கத்தின்ரை. சிமியோன் என்ரை ஆள். காவலாளி வேலைக்கு ஜெரிசனைப் போடுங்கோ. எங்கடை ஒழுங்கைப் பெடியன்தான். அவனிட்டையும் சொல்லிப்போட்டன்.

முருகேசு: அந்த வேலை நான் வேறை ஒருத்தனுக்குச் சொல்லிப்போட்டனே.

தம்பிஐயா: அப்ப இரண்டு பேரைப் போடுங்கோ. பகலுக்கு ஒருத்தன், இரவுக்கு ஒருத்தன்.

முருகேசு: அதுவும் சரிதான். பிள்ளை, இரண்டு காவலாளி.

உதயகலா: தெல்லிப்பழையிலை எனக்குச் சொந்தக்காரர் ஒருதரும் இல்லை.

தம்பிஐயா: தெரியும் பிள்ளை. அந்தத் தனிமை வேண்டாம் எண்டுதானே இஞ்சை கொண்டுவாறம்.

முருகேசு: மானிப்பாய் வந்திட்டுதோ?

உதயகலா: தாண்டிப்போட்டம் அப்பா.

முருகேசு: எனக்கு ஒண்டு மட்டும் விளங்கேல்லை, சம்பந்தி. அந்தப் படம்.

தம்பிஐயா: திரும்பவும் படமோ.

முருகேசு: உங்கடை லோயர்ப் பிள்ளை அதை எடுத்து நீதிபதியிட்டைக் குடுக்கேக்கை நான் எட்டிப் பாத்தன். நானே நிக்கிறன் படத்திலை. சால்வையை இடுப்பிலை கட்டிக்கொண்டு, நெத்தி நிறையத் திருநீறோடை. கையிலை அனுமதிக் கடிதம். பின்னுக்குப் பிள்ளையாற்றை தேர்.

தம்பிஐயா: சிரிச்சுக்கொண்டு.

முருகேசு: ஓம். சிரிச்சுக்கொண்டு.

தம்பிஐயா: கடிதத்திலை திகதி ஆடி மாதத்திலை. தேர் ஆனியிலை.

முருகேசு: அதை நீங்கள் எனக்குச் சொல்லவேண்டாம். நீதிபதி சொல்லிப்போட்டார். 'இந்தத் தேர் ஆண்டில் எத்தனை முறை வெளியே வரும்?' எண்டு எங்கடை லோயரைக் கேட்டார். அந்த மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுது. பேந்து போட்டுது. பேந்து 'ஒருமுறை' எண்டுது.

தம்பிஐயா: பொய் சொல்லேலாதுதானே. நீதிபதியும் வடம் பிடிச்ச ஆள்.

முருகேசு: ஆட்சேபம் தாறதுக்கு உங்களுக்குக் குடுத்த நாள் முடியமுதலே கந்தோரிலை கையெழுத்து விழுந்திட்டுது எண்டு அந்த ஒரு படத்தாலை வெளிச்சத்துக்கு வந்திட்டுது. ஆனா அந்தப் படம் நான் வெளியிலை ஒருதருக்கும் குடுக்கேல்லை. எங்கடை குடும்ப வட்சப் குறூப்பிலை மட்டும்தான் போட்டனான்.

தம்பிஐயா: என்னைப் பாக்காதேங்கோ. பிள்ளையாராணை நான் குடுக்கேல்லை.

முருகேசு: வழக்கு வைச்சது நீங்கள்.

தம்பிஐயா: வழக்கு வைச்சது உண்மை. படம் குடுத்தது பொய்.

முருகேசு: பத்மாவதி அக்கா?

தம்பிஐயா: என்ரை மனுசிக்குப் பூப்படத்தோடை 'காலை வணக்கம்' போடுறதைத் தவிர வேறை ஒண்டும் போனிலை தெரியாது. அதுவும் பின்னேரம்தான் போடுவா. உங்கடை மனுசி தங்கமுத்து?

முருகேசு: அவ போனை எடுக்கிறதே இல்லை. அடிச்சா அடிச்சுப்போட்டு ஓயட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருப்பா.

தம்பிஐயா: அப்ப என்ரை மோன் பிரவீணன்தான் மிச்சம். கட்டாரிலை நிக்கிறவனுக்கு இது என்னத்துக்கு?

முருகேசு: தன்ரை பெண்சாதிக்கு வாற மனேச்சர் வேலையை அவன் ஏன் கெடுக்கப்போறான்...

தம்பிஐயா: நிவேதனா போனை நோண்டுறவள்.

முருகேசு: நாலு வயசுப் பிள்ளை மேல்நீதிமன்றத்துக்குச் சாட்சி அனுப்பினது எண்டு சொல்லுறியளோ?

தம்பிஐயா: இந்தக் காலத்துப் பிள்ளையளைச் சொல்லேலாது.

உதயகலா: கோடு வந்திட்டுது. இருங்கோ மாமா, திறந்துவிடுறன்.

*

முருகேசு: முன்னுக்கு ஏறுங்கோ சம்பந்தி. நீங்கள்தான் வெண்டனீங்கள்.

தம்பிஐயா: வேண்டாம். எனக்குப் பின்னுக்கே சரி.

முருகேசு: அப்ப எனக்கும் பின்னுக்கே சரி.

உதயகலா: இரண்டு பேரும் பின்னுக்கு இருந்தா நான் என்ன ஓட்டோவே ஓடுறன்?

முருகேசு: ஓடு பிள்ளை.

உதயகலா: தேத்தண்ணி குடிப்பமோ?

முருகேசு: வேண்டாம்.

தம்பிஐயா: வேண்டாம் பிள்ளை.

முருகேசு: அந்தக் கடைசி வசனம் எனக்குப் பிடிபடேல்லை. நீதிபதி மெள்ள வாசிச்சார். அனுமதி செல்லாது எண்டதுக்குப் பிறகு என்னவோ சொன்னவர்.

உதயகலா: 'பாதிக்கப்படக்கூடிய ஒருவரைக் கேளாமல் எடுக்கப்படும் தீர்மானம், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்டாலும் சட்டத்தின் முன் நிலைக்காது.'

முருகேசு: ஒரு தரம் கேட்டதை அப்பிடியே சொல்லுறாய்.

உதயகலா: வடிவான வசனம் அப்பா.

முருகேசு: ...அது சரி, சம்பந்தி, வெண்ட ஆள் நீங்கள். செத்தவீட்டுக்குப் போட்டு வாற ஆள் மாதிரி ஏன் இருக்கிறியள்?

தம்பிஐயா: ஒண்டுமில்லை.

முருகேசு: உங்கடை சங்கத்து ஆக்கள் வெளியிலை கைதட்டினவை. நீங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு நிண்டியள்.

தம்பிஐயா: செருப்பு காலிலை இருந்தது. அதைக் கவனிக்கேல்லை.

முருகேசு: என்ன விசயம்? கஜானி கதைக்கப்படாது எண்டவளோ?

தம்பிஐயா: வழக்கு முடிஞ்சுது. இனிக் கதைக்கலாம்... நான் தோக்கவெண்டு போட்ட வழக்கு, சம்பந்தி.

முருகேசு: என்ன?

தம்பிஐயா: கிளை வரவேணும் எண்டுதான் எனக்கும் விருப்பம். மருமகள் எங்கடை சந்தியிலை மனேச்சர். மனுசி காலமை வாசலிலை நிண்டு பாத்தா அவள் கதிரையிலை இருக்கிறது தெரியும். எனக்கு அது கசக்குமோ? ஆனா நான் மற்றச் சங்கத்துக்குத் தலைவர். ஆட்சேபம் எழுது எண்டு கமிட்டி நிண்டுது. எழுதினன். எழுதிப்போட்டு மேசை லாச்சிக்குள்ளை வைச்சன்.

முருகேசு: கடைசி நாள் மட்டும்.

தம்பிஐயா: நீங்கள் தேரண்டு குறூப்பிலை படம் போட்டியள். கடிதம் கையிலை. அப்ப எனக்கு விளங்கிட்டுது, கையெழுத்து விழுந்திட்டுது எண்டு. இனி ஆட்சேபம் குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன. கடைசி நாள் பின்னேரம் கொண்டுபோய்க் குடுத்தன். கமிட்டிக்கு நான் குடுத்தமாதிரி. பிள்ளைக்கு அது ஒண்டும் செய்யாதமாதிரி.

முருகேசு: அதே எங்களுக்கு வினையாப் போச்சு?

தம்பிஐயா: ஓம். 'நாங்கள் உரிய நாளுக்குள்ளை குடுத்தம், அவை அதுக்கு முதலே முடிவெடுத்திட்டினம்' எண்டு கஜானி பிடிச்சாள் பாருங்கோ... நான் வாயைத் திறக்கேல்லை. முதல் கிழமையே நான் அதைக் குடுத்திருந்தா, கந்தோரிலை எங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பினம். கேட்டுப்போட்டு உங்களுக்குத்தான் குடுத்திருப்பினம். வழக்கு நிண்டிராது.

முருகேசு: அப்ப நீங்கள் எங்களுக்கு உதவி செய்து...

தம்பிஐயா: உங்களை விழுத்திப்போட்டன்.

உதயகலா: ஏசியைக் கூட்டவோ?

முருகேசு: கூட்டு பிள்ளை.

தம்பிஐயா: லோயரையும் தோக்கவெண்டுதான் பிடிச்சனான். பெரிய ஆக்களிட்டைப் போகேல்லை. சின்னப் பிள்ளையாப் பாத்துப் பிடிச்சன்... பிள்ளை, நீதானே கஜானியைச் சொன்னனீ?

உதயகலா: ஓம் மாமா. உடுவிலிலை என்னோடை படிச்சவள்.

தம்பிஐயா: புதுசு எண்டாய்.

உதயகலா: புதுசுதான் மாமா.

தம்பிஐயா: புதுசோ? எதிர்ப்பக்கத்துப் பழம் லோயர் தண்ணிப் போத்தலை எடுத்துக் குடிச்ச குடி.

உதயகலா: படிக்கேக்கையும் அவள்தான் முதலாம் பிள்ளை.

தம்பிஐயா: அதை நீ எனக்குச் சொல்லேல்லையே.

உதயகலா: நீங்கள் கேக்கேல்லையே மாமா.

முருகேசு: ...நானும் ஒண்டு சொல்லவேணும், சம்பந்தி.

தம்பிஐயா: சொல்லுங்கோ.

முருகேசு: கந்தோரிலை அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்கேல்லை. நான்தான் போய் நிண்டு வைப்பிச்சனான்.

தம்பிஐயா: ஏன்?

முருகேசு: ஆடி பிறக்கப்போகுது. உங்களுக்குக் குடுத்த நாள் முடியேக்கை ஆடி பிறந்திடும். பிள்ளையின்ரை முதல் மனேச்சர் வேலை. ஆடியிலை கையெழுத்து விழுந்த கிளை உருப்படுமோ? ஆவணி மட்டும் பொறுக்கலாம் எண்டா, அதுக்கிடையிலை உங்கடை கமிட்டி என்ன செய்யும் எண்டு தெரியாது. போய்ப் பெரியவரிட்டைச் சொன்னன். 'ஐயா, ஆனியிலை கையெழுத்தை வையுங்கோ, திகதியை மட்டும் ஆட்சேப நாளுக்குப் பிந்திப் போடுங்கோ' எண்டு.

தம்பிஐயா: அந்த மனுசன் ஓமெண்டதோ?

முருகேசு: தன்ரை மகளின்ரை கலியாண எழுத்தும் ஆடிக்கு முதல்தான் வைச்சவராம். பேனையை எடுத்திட்டார். கடிதத்தை வாங்கிக்கொண்டு நேரை கோயிலுக்குப் போனன். ஐயர் அருச்சனைத் தட்டிலை வைச்சுத் தந்தவர். வெளியிலை வாறன், தேர் இருப்புக்கு வருது. இந்த மாதிரி ஒரு நாள் வருமோ எண்டு ஒரு படம் எடுத்தன்.

தம்பிஐயா: சிரிச்சுக்கொண்டு.

முருகேசு: விடுங்கோ சம்பந்தி.

தம்பிஐயா: நாள் ஆர் பாத்தது?

முருகேசு: நீங்கள்தான்.

தம்பிஐயா: நானோ?

முருகேசு: தேரண்டு காலமை நல்ல நேரம் இருக்கோ எண்டு கேட்டனான். வாக்கிய பஞ்சாங்கத்தைப் பாத்து நீங்கள்தான் நேரம் சொன்னனீங்கள்.

தம்பிஐயா: அது வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க எண்டெல்லே கேட்டனீங்கள்!

முருகேசு: வேறை என்னெண்டு கேக்கிறது? ஆட்சேபம் எழுதப்போற சங்கத்தின்ரை தலைவரிட்டை, 'உங்களுக்குத் தெரியாமல் கையெழுத்து வைக்கப்போறம், ஒரு நல்ல நேரம் சொல்லுங்கோ' எண்டு கேக்கேலுமே?

தம்பிஐயா: ...அது நல்ல நேரம்தான்.

முருகேசு: நேரத்திலை ஒரு குறையும் இல்லை.

உதயகலா: ஆனைக்கோட்டை வந்திட்டுது.

தம்பிஐயா: கண்டனான் பிள்ளை... சம்பந்தி, தீர்ப்பிலை ஒண்டு இருக்கு. முறைப்படி திரும்ப விண்ணப்பிக்கிறதுக்குத் தடையில்லை எண்டும் சொன்னவர்.

முருகேசு: சொன்னவரோ?

உதயகலா: சொன்னவர் அப்பா.

முருகேசு: அப்ப திரும்பக் குடுப்பம்!

தம்பிஐயா: குடுங்கோ. இந்தமுறை கந்தோரிலை எங்களைக் கூப்பிடட்டும். நான் கமிட்டியைக் கூட்டிக்கொண்டு போய் ஆட்சேபத்தைச் சொல்லுவன். ஆனா உசாராச் சொல்லமாட்டன். எங்களைக் கேட்டாச்சு எண்டு எழுதிப்போட்டுக் குடுக்கட்டும். பிறகு ஒரு கோடும் அதிலை கைவைக்கேலாது.

முருகேசு: தை பிறக்க விண்ணப்பம். சித்திரைக்கு முதல் திறப்புவிழா.

தம்பிஐயா: பங்குனியிலை திறக்காதேங்கோ. வைகாசியிலை நான் நாள் பாத்துத் தாறன். பெயின்ற் எண்டு சொல்லாமல் நேரை கேளுங்கோ.

முருகேசு: வைகாசி நல்லது. மேசை கதிரை எல்லாம் உள்ளுக்கை இருக்கு. போர்ட் இருக்கு. சாக்கை அவிட்டாச் சரி.

உதயகலா: அப்பா, எனக்குத் தெல்லிப்பழையை விட்டிட்டு வர விருப்பமில்லை.

முருகேசு: பயப்பிடாதை பிள்ளை. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலைதானே இருப்பம்.

உதயகலா: போன மாதம் தெல்லிப்பழையிலை ஒரு டொக்டர் லோன் கேட்டு வந்தவர். கடதாசி சரியில்லை. இல்லை எண்டு சொன்னன். 'சரி பிள்ளை' எண்டிட்டு எழும்பிப் போட்டார்.

தம்பிஐயா: நல்ல மனுசன். ஆனா எங்கடை சந்தியிலை 'சரி' எண்டு ஒருதரும் எழும்பிப் போகாயினம், பிள்ளை. இஞ்சை எல்லாம் எங்கடை ஆக்கள்.

உதயகலா: ஓம் மாமா.

முருகேசு: பொறுங்கோ, குணலட்சுமி அடிக்கிறாள்... ஓம், சொல்லு... ஓம், தோத்திட்டம்... இல்லை, இல்லை, லோனுக்கு ஒண்டும் நடக்காது, வைகாசிக்குக் கிளை வருது... பிள்ளைதான் மனேச்சர்... பிணையோ, அதெல்லாம் பிள்ளை பாப்பாள்... வைக்கிறன்.

தம்பிஐயா: சிமியோனுக்கும் வைகாசி எண்டு சொல்லிவிடவேணும். மிசினுக்கு அச்சாரம் குடுத்திட்டான்.

முருகேசு: இந்தமுறை ஒரு பிழையும் வரக்கூடாது, சம்பந்தி. எல்லாரையும் கேட்டுச் செய்வம். உங்கடை கமிட்டி.

தம்பிஐயா: உங்கடை கமிட்டி.

முருகேசு: கடைக்காரர், சந்தியிலை இருக்கிற ஆக்கள்.

தம்பிஐயா: ஐயரிட்டையும் ஒரு வார்த்தை கேப்பம்.

முருகேசு: பிரவீணனுக்கும் ஒரு கோல் எடுத்துக் கேப்பம். பிறகு அவன் ஒண்டும் சொல்லப்படாது.

தம்பிஐயா: வேறை ஆரையும் கேக்கக் கிடக்கோ?

முருகேசு: ...இல்லை. எல்லாரும் வந்திட்டினம்.

உதயகலா: ...

தம்பிஐயா: இந்தா, சந்தி வந்திட்டுது. பாருங்கோ, சாக்கிலை ஒரு காகம் இருக்கு!

முருகேசு: நல்ல சகுனம்.

தம்பிஐயா: இதிலையே நிப்பாட்டு பிள்ளை. மனுசி வாசலிலை நிக்கிறா. ஆர் வெண்டது எண்டு கேப்பா... என்னத்தைச் சொல்லுறது?

முருகேசு: இரண்டு பேரும் வெண்டது எண்டு சொல்லுங்கோ.

தம்பிஐயா: கதவைத் திறந்துவிடு பிள்ளை.

முருகேசு: ஒண்டுதான் மிச்சம், சம்பந்தி. அந்தப் படத்தைக் குடுத்த ஆளைக் கண்டுபிடிக்கவேணும். இந்தமுறை தொடங்கமுதலே அந்த ஆளை ஒரு பக்கத்திலை வைச்சிட்டுத்தான் தொடங்கவேணும்.

தம்பிஐயா: ஓம். அது முக்கியம்... பிள்ளை, கதவு.

உதயகலா: ...

முருகேசு: எஞ்சினை ஏன் நிப்பாட்டினனீ? ஏசியும் நிண்டுபோச்சு. இறங்கித் திறவன், மாமா இறங்கவெல்லே வேணும்.

உதயகலா: திறக்கிறன் அப்பா. படத்தைக் கஜானியிட்டைக் குடுத்தது நான்தான்... அந்தக் கைபிடியை இழுக்காதேங்கோ மாமா, உள்ளாலை திறபடாது எண்டு காலமையே சொன்னனான். நீங்கள் கேக்கவேண்டிய ஆக்களிலை இன்னும் ஒராள் இருக்கிறா. அவ இப்ப சொல்லப்போறா. இரண்டு பேரும் கேட்டு முடிய, நான் வந்து திறந்துவிடுறன்.